ஒரு நாட்டில் பேட்டரி சேமிப்பு வளருமா? கணித்துச் சொல்லும் வழி

பன்னிரண்டு வருஷம் மின்கட்டமைப்புக் கட்டுப்பாட்டு அறையில் ஷிப்ட் பார்த்தேன். அதற்குப் பிறகு வேறு வேலை. பேட்டரி சேமிப்புத் திட்டங்களுக்குக் கடன் கொடுக்கலாமா என்று வங்கிகள் கேட்டால், அந்த நாட்டின் மின்சந்தையைப் படித்து அறிக்கை எழுதித் தருகிறேன். சூரிய ஒளியிலும் காற்றிலும் இப்போதுதான் காலூன்றும் நாடுகள்தான் என் மேசைக்கு அதிகம் வருகின்றன. என்னோடு வேலை பார்க்கும் இளைய பொறியாளர்கள் கேட்பதெல்லாம் ஒரே கேள்விதான்: "இந்த நாட்டில் பேட்டரி எடுபடுமா, எப்போது எடுபடும்?"

அதற்கு நான் எப்படி விடை தேடுகிறேன் என்பதை எழுதி வைக்கிறேன். முதலில், நான் கோட்டை விட்ட இடத்தைச் சொல்லிவிடுகிறேன். என் முதல் அறிக்கையில் மூன்று விஷயங்களைப் பார்த்தேன்: அரசு அறிவித்த இலக்கு, சூரிய மின்நிலையங்களின் வளர்ச்சி, பேட்டரி விலையின் சரிவு. மூன்றுமே சாதகமாக இருந்தன. "வேகமாக வளரும்" என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தால் அங்கே சொல்லிக்கொள்ளும்படி ஒரு பேட்டரி நிலையம்கூட எழும்பவில்லை. காரணம் எளிது. அந்த நாட்டில் பெரிய அணைகள் இருந்தன. பகலில் சூரிய மின்சாரம் பொங்கும்போது மதகை மூடித் தண்ணீரைத் தேக்கி, மாலையில் திறந்து விட்டார்கள். பேட்டரி செய்ய வேண்டிய வேலையை அணை ஏற்கெனவே செய்துகொண்டிருந்தது. நான் மாதச் சராசரியைப் பார்த்தேனே தவிர, மணிக்கணக்கைப் பார்க்கவில்லை.

24 மணிநேரத்தை வரையுங்கள்

ஆகவே முதல் வேலை இது. அந்த நாட்டின் மின்தேவையை மணிவாரியாக எடுங்கள். பல நாடுகளில் மின்கட்டமைப்பை இயக்கும் அமைப்பே இதை வெளியிடுகிறது. அதிலிருந்து அந்தந்த மணியின் சூரிய, காற்று உற்பத்தியைக் கழியுங்கள். மிஞ்சுவதுதான் மற்ற நிலையங்கள் தாங்க வேண்டிய சுமை. ஒரு நாளுக்கு மட்டும் வரைந்தால் போதாது. வருஷத்தின் மிகக் கடுமையான நாள், மிக மந்தமான விடுமுறை நாள், மேகம் கவிந்த நாள், சாதாரண வேலை நாள் என்று குறைந்தது நான்கு வரைபடங்கள் வேண்டும்.

வரைபடத்தில் இரண்டு இடங்களைக் கவனியுங்கள். நண்பகலில் சுமை எவ்வளவு ஆழத்துக்கு இறங்குகிறது, மாலையில் எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறது. கட்டுப்பாட்டு அறையில் இருந்தவனுக்கு இந்த இரண்டும் உடம்பிலேயே பதிந்திருக்கும். நண்பகலில் சூரிய மின்சாரம் குவியும். ஆனால் அனல் நிலையத்தை அணைக்க முடியாது. அணைத்தால் மாலைக்குள் திரும்பச் சூடேற்றி எடுக்க முடியாது. அதனால் அதை அடிமட்ட அளவில் ஓடவிட்டு, சூரிய நிலையங்களைக் குறைக்கச் சொல்லித் தொலைபேசியில் அழைப்போம். "ஐயா, இன்னும் 40 மெகாவாட் இறக்குங்கள்" என்று சொல்வது நண்பகல் 12 மணிக்கு. அதே வாய், மாலை ஆறரைக்கு "எங்கிருந்தாவது 40 மெகாவாட் கொடுங்கள்" என்று கேட்கும். அந்த இரண்டு அழைப்புகளுக்கும் நடுவில் உள்ள ஆறரை மணிநேரத்தில்தான் பேட்டரியின் எதிர்காலம் இருக்கிறது.

கலிபோர்னியாவில் இந்த வளைவு வாத்து உருவத்தில், நண்பகல் பள்ளம் வயிறாகவும் மாலை ஏற்றம் கழுத்தாகவும், இருப்பதாக 2013 வாக்கிலேயே படம் போட்டுக் காட்டினார்கள். 2024-இல் அங்கே பேட்டரித் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டியது. அந்த ஏப்ரலில் சில மாலைகளில், சிறிது நேரத்துக்கு, எரிவாயு, நீர், அணு ஆகிய ஒவ்வொன்றையும்விட அதிக மின்சாரம் பேட்டரிகளிலிருந்தே வந்தது. வளைவு தெரிந்ததிலிருந்து பேட்டரி அதை நிரப்பியதுவரை சுமார் பத்து வருஷம். இன்று களமிறங்கும் நாடுகளுக்கு அவ்வளவு காலம் ஆகாது என்பது என் கணிப்பு. அன்று பேட்டரி விலை வேறு, இன்று வேறு.

வரைந்த பிறகு கேளுங்கள்: இந்த மாலை ஏற்றத்தை இப்போது யார் சுமக்கிறார்கள்? அணையா, எரிவாயுவா, டீசலா, அல்லது யாருமே இல்லாமல் மின்வெட்டா? அணை என்றால் பேட்டரி காத்திருக்க வேண்டும். டீசலோ மின்வெட்டோ என்றால் கதவு இப்போதே திறந்திருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் மின்வெட்டு கடுமையாக இருந்த 2023-இல், எந்த அரசு இலக்குக்கும் காத்திராமல் வீடுகளும் கடைகளும் தாமே சூரியத் தகடும் பேட்டரியும் வாங்கிப் போட்டுக்கொண்டன.

வீணாவது கம்பியாலா, நேரத்தாலா?

சூரிய மின்சாரம் வீணாகிறது என்ற செய்தியைப் பார்த்ததும் "அப்படியானால் பேட்டரிக்கு நல்ல சந்தை" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பொறுங்கள். வீணாவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, அந்த மணியில் நாட்டுக்கே அவ்வளவு மின்சாரம் தேவையில்லை. இன்னொன்று, தேவை இருக்கிறது, கொண்டுபோகக் கம்பி இல்லை. முதலாவது பேட்டரியின் வேலை. இரண்டாவதை ஒரு புதிய மின்தடம் தீர்த்துவிடலாம். தீர்த்த அன்றே பேட்டரியின் வருமானத்தில் ஒரு பகுதி போய்விடும்.

இதைப் படிக்கச் சிலியைவிட நல்ல பாடம் கிடையாது. சூரிய நிலையங்கள் வடக்கே அட்டகாமா பாலைவனத்தில், மக்களும் தொழில்களும் நடுவில் சான்டியாகோ பக்கம். 2024-இல் மட்டும் 5 டெராவாட் மணிக்கு மேல், அதாவது 500 கோடி யூனிட்டுக்கு மேல், சூரிய, காற்று மின்சாரம் எடுக்க ஆளில்லாமல் வீணானது. வடக்கே பகல் நேரத்தில் மொத்த விலை பல நாள் பூஜ்யம். சேமிப்புக்கு வழிவிடும் சட்டம் 2022 நவம்பரில் வந்தது. 2024-இல் அன்டோபகாஸ்டா பகுதியில் கோயா பேட்டரி நிலையம் 139 மெகாவாட், 638 மெகாவாட் மணி அளவில் வந்தது. மெகாவாட் என்பது ஒரே நேரத்தில் எவ்வளவு கொடுக்கும் என்பது, மெகாவாட் மணி என்பது மொத்தம் எவ்வளவு தேக்கி வைக்கும் என்பது. அதைத் தொடர்ந்து மற்றவர்களும் வரிசையில் நின்றார்கள்.

அதே நேரம் வடக்கே கிமால் முதல் சான்டியாகோ பக்கம் லோ அகிர்ரே வரை 3,000 மெகாவாட் கொண்டுபோகும், சுமார் 1,350 கிலோமீட்டர் நீளமுள்ள நேர்மின் (டிசி) தடமும் 2029-ஐக் குறிவைத்துத் திட்டமிடப்பட்டது. அந்தத் தடம் வந்தால் பேட்டரிக்கு ஆபத்தா? ஓரளவுக்கு ஆம், முழுக்க இல்லை என்பேன். நண்பகலில் வடக்கே வெயில் அடிக்கும்போது நாட்டின் நடுப்பகுதியிலும் வெயில்தான். கம்பி மின்சாரத்தை இடம் மாற்றும், நேரம் மாற்றாது. ஆனாலும் நீங்கள் கணக்குப் போடும்போது வீணான மணிகளை எடுத்து, எந்தெந்த மணியில் தடம் முழுக் கொள்ளளவில் ஓடிக்கொண்டிருந்தது என்று ஒப்பிட்டுப் பிரித்துவிடுங்கள். இதற்கு இரண்டு நாள் பிடிக்கும். அந்த இரண்டு நாளை மிச்சம் பிடிக்கப் பார்த்த அறிக்கைகள் பலவற்றைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

பணம் யார் தருவார்கள், எதற்காகத் தருவார்கள்?

நான் அதிக நேரம் செலவழிப்பது இந்த இடத்தில்தான். பேட்டரி ஒரு யூனிட்கூட உற்பத்தி செய்வதில்லை. வாங்கிய மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்கையோ அதற்குச் சற்று அதிகமாகவோ இழந்துவிட்டு மிச்சத்தைத் திருப்பித் தருகிறது. நண்பகல் யூனிட்டும் மாலை யூனிட்டும் ஒரே விலை என்றால் அது சும்மா நின்றாலே லாபம்.

வியட்நாமைப் பாருங்கள். 2018 இறுதியில் அங்கே சூரிய மின்சாரம் பெயரளவுக்குத்தான். 2020 முடியும்போது 16,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. உலகமே வியந்த வேகம். மின்சாரம் வீணாகவும் தொடங்கியது. ஆனால் பேட்டரி கூடவே வளரவில்லை. நிலையங்களுக்குக் கிடைத்தது, எந்த நேரத்தில் கொடுத்தாலும் ஒரே நிலையான கொள்முதல் விலை. மாலைக்குத் தள்ளிக் கொடுத்தால் கூடுதலாகப் பத்துப் பைசா கிடைக்காது என்றால் யார் தள்ளிக் கொடுப்பார்கள்? தேவை இருந்தது, தொழில்நுட்பம் இருந்தது, விலைச்சீட்டில் மட்டும் நேரம் என்ற பத்தி இல்லை.

ஆகவே எந்த நாட்டை எடுத்தாலும் நான்கு வரவுகளைத் தேடுங்கள். பகல் மாலை விலை வித்தியாசம் ஒன்று. உச்சத் தேவைக்குத் தயாராக நிற்பதற்கான கட்டணம் இரண்டு. அலைவெண்ணை, அதாவது உற்பத்தியும் தேவையும் பொருந்தாதபோது ஏறி இறங்கும் மின்சாரத்தின் துடிப்பை (frequency), நொடிகளில் சரிசெய்யும் சேவைக்கான கட்டணம் மூன்று. அரசோ விநியோக நிறுவனமோ நீண்டகாலத்துக்கு எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தம் நான்கு.

மூன்றாவதில் மயங்காதீர்கள். தெற்கு ஆஸ்திரேலியாவில் 2017 இறுதியில் ஹார்ன்ஸ்டேல் பேட்டரி, 100 மெகாவாட், 129 மெகாவாட் மணி, ஓடத் தொடங்கியது. அதே டிசம்பரில் பக்கத்து மாநிலத்தில் ஒரு பெரிய நிலக்கரி அலகு திடீரென்று விழுந்தபோது, கண் சிமிட்டும் நேரத்தில் மின்சாரம் செலுத்தி எல்லாரையும் திரும்பிப் பார்க்க வைத்தது. நல்ல பணமும் பார்த்தது. அதைப் பார்த்து எல்லா நாட்டிலும் "அலைவெண் சேவை" என்று அறிக்கை எழுத ஆரம்பித்தார்கள். ஆனால் அது சிறிய குளம். ஒரு நாட்டுக்குச் சில நூறு மெகாவாட் போதும், பெரிய நாட்டுக்குச் சில ஆயிரம். பிரிட்டனில் பேட்டரிகள் குவிந்ததும் 2023-இல் அந்தச் சேவைக் கட்டணம் சரிந்து, பல நிலையங்களின் வரவு படுத்தது. வளரும் சந்தைக்குக் கணக்குப் போடும்போது இந்த வரவை முதல் மூன்று வருஷத்துக்கு மட்டும் எழுதுகிறேன். பிறகு பூஜ்யம்.

புதிய சந்தைகளில் வளர்ச்சியைத் தூக்கி நிறுத்துவது நான்காவதுதான், நீண்டகால ஒப்பந்தம். தென்னாப்பிரிக்காவின் கென்ஹார்ட் திட்டம் இதற்கு அழகான எடுத்துக்காட்டு. 540 மெகாவாட் சூரியத் தகடு, 225 மெகாவாட் மற்றும் 1,140 மெகாவாட் மணி பேட்டரி. ஒப்பந்தம் கேட்பது ஒன்றைத்தான்: விடிகாலை 5 மணி முதல் இரவு 9.30 வரை 150 மெகாவாட் கொடு. 20 வருஷத்துக்கு. எத்தனை தகடு, எத்தனை பேட்டரி என்பது திட்டக்காரர் பாடு. டெண்டரில் "இவ்வளவு பேட்டரி வை" என்று எழுதும் நாட்டைவிட, "இந்த மணிக்கு மின்சாரம் கொடு" என்று எழுதும் நாட்டுக்கு நான் அதிக மதிப்பெண் போடுவேன்.

காரணம் சீனாவில் தெரிந்தது. சூரிய நிலையம் கட்டினால் இத்தனை சதவீதம் பேட்டரி வைத்தே ஆக வேண்டும் என்று மாகாணங்கள் கட்டாயப்படுத்தின. பேட்டரிகள் வந்தன, பல இடங்களில் அரிதாகவே ஓடின. அனுமதிக்காக வைத்ததை ஓட்டுவதற்கு வருமானம் இல்லை. 2025 பிப்ரவரியில் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். நிறுவிய மெகாவாட்டை எண்ணி மகிழாதீர்கள். வருஷத்துக்கு எத்தனை மெகாவாட் மணி வெளியே வந்தது என்று கேளுங்கள். செய்தியில் மெகாவாட் மட்டும் இருந்து, மெகாவாட் மணி இல்லையென்றால் அந்த எண்ணை நான் குறித்துக்கொள்வதே இல்லை.

ஒரு யூனிட்டைத் தள்ளிவைக்க என்ன செலவு?

இதைக் கையால் ஒருமுறை போட்டுப் பாருங்கள். நிறுவி முடிக்க ஒரு கிலோவாட் மணிக்கு 150 டாலர் என்று வைத்துக்கொள்வோம். எடுத்துக்காட்டுக்கான எண்தான் இது, உங்கள் நாட்டின் எண்ணை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு 350 முறை ஏற்றி இறக்குகிறோம். தேய்மானத்தையும் சேர்த்து, ஆயுள் முழுதும் சராசரியாக 85 சதவீதக் கொள்ளளவு கிடைக்கும். அப்படியானால் வருஷத்துக்கு ஏறத்தாழ 300 யூனிட். கடன் 15 வருஷம்.

வட்டி 6 சதவீதம் என்றால் வருஷத்தவணை சுமார் 15.4 டாலர். 300-ஆல் வகுத்தால் யூனிட்டுக்கு 5 சென்ட்டைக் கொஞ்சம் தாண்டும். வட்டி 12 சதவீதம் என்றால் தவணை 22 டாலர், யூனிட்டுக்கு 7.3 சென்ட். அதே பேட்டரி, அதே கப்பல், அதே கன்டெய்னர். நாடு மாறியதற்காக மட்டும் 2 சென்ட் கூடுதல். இனி வட்டியை 6 சதவீதத்திலேயே வைத்து, வருஷத்துக்கு 200 முறை மட்டும் ஓட்டுங்கள். யூனிட்டுக்கு 9 சென்ட் ஆகிவிடும். ஆக, ஓடாத பேட்டரி வட்டியைவிடக் கொடியது. இதன்மேல் ஏற்றும்போது வாங்கிய மின்சாரத்தின் விலை. அதை 0.87-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள், இழப்பு அடங்கிவிடும். வரும் தொகையை மாலை நேரத்தில் இப்போது ஓடும் மிக விலையுயர்ந்த நிலையத்தின் செலவோடு ஒப்பிடுங்கள். டீசல் என்றால் பேட்டரி எளிதில் வெல்லும். பழைய எரிவாயு நிலையம், கடன் முடிந்தது, எரிபொருள் மலிவு என்றால் தோற்கலாம்.

விலை இறங்கிக்கொண்டே போகும் என்ற நம்பிக்கையைக் கணக்கில் நேராகச் சேர்க்காதீர்கள். நீண்டகாலப் போக்கு இறக்கம்தான். 2010-இல் லித்தியம் பேட்டரித் தொகுப்பு கிலோவாட் மணிக்கு 1,000 டாலருக்கு மேல். ப்ளூம்பெர்க் ஆய்வுப் பிரிவின் 2024 கணக்கில் 115 டாலர். ஆனால் நடுவில் 2022-இல் லித்தியம் விலை எகிறி, தொகுப்பு விலையும் ஏறியது. அந்த வருஷம் டெண்டர் எடுத்தவர்களின் முகத்தை நான் நேரில் பார்த்தவன். இந்தியாவில் 2022-இல் 500 மெகாவாட், 1,000 மெகாவாட் மணி டெண்டரில் மாத வாடகை மெகாவாட்டுக்கு 10.84 லட்ச ரூபாய். 2024 இறுதியில் ராஜஸ்தானில் அதே அளவுக்கு, அரசின் உதவித்தொகையோடு, 2.21 லட்சம். இப்படிச் சரியும் சந்தையில் இன்னொரு ஆபத்து உண்டு. அடுத்த வருஷம் விலை இன்னும் இறங்கும் என்று நம்பி இன்றைக்கே குறைத்துக் கேட்பவர்கள் இருப்பார்கள். ஆகவே டெண்டர் முடிவை வளர்ச்சியாக எழுதாதீர்கள். ஒப்பந்தம் கையெழுத்தானதா, கடன் வந்ததா, டிரான்ஸ்பார்மர் ஆர்டர் போட்டார்களா என்று மூன்றையும் கேட்டுவிட்டு எழுதுங்கள். டிரான்ஸ்பார்மருக்காக மாதக்கணக்கில் காத்துக்கிடந்த தளங்களைப் பார்த்திருக்கிறேன். வெண்ணெய் திரளும்போது தாழி உடைவது பெரும்பாலும் அங்கேதான்.

பணம் எந்த நாணயத்தில் வருகிறது என்பதும் இங்கேயே கேட்க வேண்டியது. கடன் டாலரில், வரவு உள்நாட்டு நாணயத்தில் என்றால், நாணயம் சரிந்த வருஷம் தவணை மட்டும் பெரிதாகும். வாங்கும் விநியோக நிறுவனம் பழைய பாக்கி வைத்திருக்கிறதா என்று பாருங்கள். சூரிய நிலையங்களுக்கே எட்டு மாதம் பாக்கி வைத்திருப்பவர் பேட்டரிக்கு மட்டும் முதல் தேதியில் கொடுக்கமாட்டார்.

சட்டத்தில் ஒரு வரி

பேட்டரி ஏற்றும்போது நுகர்வோர், இறக்கும்போது உற்பத்தியாளர். சட்டம் அதைத் தனி இனமாக ஏற்காத நாடுகளில் இரண்டு பக்கமும் கம்பிக் கட்டணம் கட்ட நேரும். இந்த ஒரு வரி திருத்தப்பட்டதா என்று தேடுங்கள். இலக்கு அறிவிப்புகளைவிட இதற்கு எடை அதிகம். 2030-க்குள் உலகச் சேமிப்புத் திறனை 1,500 கிகாவாட் ஆக்குவோம் என்று 2024-இல் பாகு காலநிலை மாநாட்டில் முன்வைத்த உறுதிமொழி நல்ல விஷயம்தான். ஆனால் உறுதிமொழி கட்டணத்தைக் குறைக்காது, ஒழுங்குமுறை ஆணையத்தின் உத்தரவுதான் குறைக்கும்.

தளத்துக்குப் போங்கள்

காகிதத்தில் எல்லாம் சரியாக இருந்தாலும், நாட்டில் ஏற்கெனவே ஓடும் ஒரு பேட்டரி நிலையத்தையாவது நேரில் பார்க்காமல் அறிக்கையை முடிக்கமாட்டேன். ஒருமுறை வறண்ட நிலத்தில் ஒரு தளம். பெயர் வேண்டாம். வெள்ளை கன்டெய்னர்கள் வரிசையாக நிற்கின்றன, குளிர்விக்கும் விசிறிகளின் இரைச்சலில் பேசுவது கேட்கவில்லை. திரையில் திறன் 50 மெகாவாட் என்று இருக்கிறது, ஓடுவதோ 38. ஒரு கன்டெய்னரின் காற்று வடிகட்டியைக் கழற்றச் சொன்னேன். கையில் வந்தது துணி மாதிரி இல்லை, மண் பலகை மாதிரி இருந்தது. காற்று போகாததால் உள்ளே சூடேறி, பேட்டரியைக் காப்பாற்ற மென்பொருள் தானாகவே வேகத்தைக் குறைத்திருந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியதை அங்கே மூன்று வாரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பராமரிப்பு ஒப்பந்தத்தில் அது இல்லை. விசிறியும் குளிரூட்டியும் குடிக்கும் மின்சாரத்தையும் யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. வெப்ப நாடுகளுக்கு இதைத் தனி வரியாகச் சேர்த்தே ஆக வேண்டும்.

தீயைப் பற்றியும் அங்கேயே கேளுங்கள். 2025 ஜனவரியில் கலிபோர்னியாவின் மாஸ் லேண்டிங்கில் பழைய டர்பைன் கூடத்துக்குள் நெருக்கமாக அடுக்கியிருந்த பேட்டரிகள் எரிந்து, ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வீட்டை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. அவை நிக்கல் கலந்த வகை. இப்போது பெரும்பாலான நிலையங்களுக்கு வாங்கப்படும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை வெப்பத்தை இன்னும் நன்றாகத் தாங்கும். திறந்தவெளியில் இடைவெளி விட்டு வைத்தால் ஒன்று எரிந்தாலும் பக்கத்துக்குப் பரவுவது கடினம். இடைவெளியை அளந்து பாருங்கள். உள்ளூர்த் தீயணைப்பு நிலையத்தார் அந்த வளாகத்துக்குள் ஒருமுறையாவது வந்து பார்த்திருக்கிறார்களா என்று விசாரியுங்கள். ஒரு விபத்து, அந்த நாட்டின் அடுத்த பத்துத் திட்டங்களின் அனுமதியை நிறுத்திவிடும்.

முடிவை எப்படி எழுதுவது

"வளரும்", "வளராது" என்று எழுதாதீர்கள். எதற்கு எத்தனை மணிநேர பேட்டரி என்று பிரித்து எழுதுங்கள். அலைவெண்ணுக்கு ஒரு மணி. மாலை உச்சத்துக்கு இரண்டு முதல் நான்கு மணி, பெரும்பாலான புதிய சந்தைகள் தொடங்குவது இங்கேதான். இரவு முழுக்க என்றால் கணக்கே வேறு. அபுதாபியில் 2025 தொடக்கத்தில் அறிவித்த திட்டம் 24 மணிநேரமும் 1 கிகாவாட் கொடுக்க 5.2 கிகாவாட் சூரியத் தகடும் 19 கிகாவாட் மணி பேட்டரியும் வைக்கிறது. மலிவான கடனும் மேகமில்லாத வானமும் இருக்கிற இடத்தில் அது சரிப்படும். வட்டி 14 சதவீதம், மழைக்காலம் மூன்று மாதம் என்கிற நாட்டுக்கு அதைக் காட்டி ஆசை காட்டாதீர்கள்.

பிறகு ஒவ்வொரு முடிவின் கீழும் எது மாறினால் இந்த முடிவு மாறும் என்று எழுதி, மீண்டும் பார்க்க வேண்டிய தேதியைப் போடுங்கள். என் குறிப்பேட்டில் அந்த அணைக்கட்டு நாட்டின் பக்கத்தில் இப்படி இருக்கிறது: "மாலை ஏற்றம் அணைகளின் மொத்தத் திறனில் 80 சதவீதத்தைத் தொட்டால் திரும்பப் பார்." போன வருஷம் தொட்டது. அந்தக் கோடையில் அணையில் தண்ணீரும் குறைவு. நேரவாரி விலையும் அறிவித்துவிட்டார்கள். இப்போது அந்த அறிக்கையைத்தான் மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறேன், இந்தமுறை மணிக்கணக்கிலிருந்து.